சாக்கு

லியெபாயா நகரத்தில் ஒரே ஒரு டிராம் தடம்தான்.
அதை ஓட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.
நாளைக்கு ஒன்பது தடவை தொடங்கி
ஒன்பது தடவையும் முடித்துவிடுகிறேன்.
கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை.
தண்டவாளம் தீர்ந்துபோகும் இடத்தில்
யாராக இருந்தாலும் நின்றுதான் ஆகவேண்டும்.

வீட்டு நிலவறையில் தண்டவாளம் கிடையாது.
அங்கே ஒரு பீப்பாய்,
பீப்பாய்மேல் எட்டு அங்குலக் கண்ணாடி வட்டு,
தொலைநோக்கிக்கென்று நானே தேய்த்துக் குழித்தது.
அதைச் சுற்றி ஒரு சாக்கு.

பதினோராவது வருடம் நடக்கிறது.

முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.
கரட்டுப் பொடி தூவி, தண்ணீர் தெளித்து,
பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன்
செக்குமாடு போல, ஆனால் சிரித்துக்கொண்டு.
கண்ணாடி அரைபடும் ஓசையில்
மற்றவர்களுக்குப் பல் கூசும்.
எனக்குப் பசியெடுத்தது.
ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி நிற்கிற அளவு
குழி விழுந்த இரவில்
இல்மார்ஸை உலுக்கி எழுப்பிக் காட்டினேன்.
"சூப் ஊற்றலாமா?" என்றார்.

பிறகு மாவு போன்ற பொடி.
பிறகு தார் பூசிய தட்டு.
பிறகு சவர அலகால் ஒளியை வெட்டிப்
பிழை பார்க்கும் சோதனை.
அங்கேதான்.

ஓரம் கொஞ்சம் சரிந்திருந்தது.
மயிரிழை என்று சொன்னால்
மயிரிழைக்குக் கோபம் வரும், அவ்வளவு சின்னது.
இரண்டு மணி நேர வேலை.

அந்த இரண்டு மணி நேரத்தைத் தள்ளிப்போட
நான் உழைத்த உழைப்பில்
இன்னும் நாலு கண்ணாடி முடிந்திருக்கும்.
நிலவறைக்கு வெள்ளையடித்தேன்.
டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன்.
ரீகாவிலிருந்து புதுப் பொடி வரவழைத்தேன்.
வந்ததும், அடியிலிருந்தே தேய்க்கலாமே என்று
ஒரு தடவை, இல்லை, இரண்டு தடவை
கரட்டுப் பொடிக்கே திரும்பிப் போனேன்.
தொடங்கும்போது எல்லாக் கண்ணாடியும்
நல்ல கண்ணாடி.
குழாயில் மூன்று வருடமாகக் குடைகள்.

சோம்பேறி என்று நினைத்தால்
டிராம் கொட்டகையில் விசாரித்துப் பாருங்கள்.
ஒரு நிமிடம் பிந்தியதில்லை நான்.
அங்கே நிறுத்தத்தில் யாரோ
பனியில் மூக்குச் சிவக்க நிற்கிறார்கள்.
சனிக்கோளைப் பார்க்க யாரும் வரிசையில் இல்லை.
நான் பார்த்தாலும் பாராவிட்டாலும்
அது தன் வளையத்தோடு சௌக்கியம்.

இதுவும் சாக்குதான்.
உதறினால் அடியில் இன்னொன்று விழுகிறது:
மூடியிருக்கும்வரை
இந்தக் கரையிலேயே சிறந்த கண்ணாடி அது.
பால்டிக் கடல் அனுப்பும் மேகங்களுக்கு
நன்றிக்கடன் பட்டவள் நான்.
வானம் தெளிந்த இரவுகளில்தான்
எனக்குத் தலைவலி வரும்.

போன அக்டோபரில்
மேல்வீட்டு வால்ஃப்ரீட்ஸ் கதவைத் தட்டினார்.
"கீழே அந்தப் பீப்பாய் சும்மாதானே கிடக்கிறது?
முட்டைக்கோஸ் ஊறப்போட வேண்டும்."
சும்மா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
எடுத்த வாய் அப்படியே நின்றது.
"ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள்."

சனிக்கிழமை இரவு குடைகளை வெளியே கொட்டினேன்.
ஓரத்தைத் தொடவில்லை.
வெள்ளிப் பூச்சும் இல்லை.
வெறும் கண்ணாடியைக் குழாயடியில் பொருத்தி
முற்றத்துக்குச் சுமந்து போனேன்.
கிழமை என்னவோ சனிதான்,
கோள் கூரைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.
நிலா இருந்தது.

பள்ளம் பள்ளமாக, ஒவ்வொன்றும் தன் நிழலோடு.
வட்டத்தின் விளிம்பில் மங்கல்.
அது என் மங்கல்,
பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

இல்மார்ஸ் செருப்போடு வந்து குனிந்தார்.
நெடுநேரம் நிமிரவில்லை.
"இந்தக் கறுப்பு, அழுக்கா?"
"இல்லை, கடல் என்பார்கள். தண்ணீர் கிடையாது."
சூப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

மறுநாள் வால்ஃப்ரீட்ஸ் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்.
படியில் நின்று, சாக்கையும் தரமுடியுமா என்றார்.

அதைக் கொடுக்கவில்லை.
ஓரத்தில் இன்னும் இரண்டு மணி நேர வேலை
இருக்கிறது.